இரண்டு நடை

பாடாங் செராய், ஞாயிறு காலை.
கார் கடை லிம்
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
இனிமேல் புகைக்கும் வரியாம்.
கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று
வேன் கண்ணாடியில் ஒரு மஞ்சள் சீட்டு.

எட்டுப் பேர் உட்காரலாம்.
ரோட்டேக்ஸ் மட்டும்
என் மில் சம்பளத்தில் முக்கால் மாதம்.
பக்கத்தில் வெள்ளை ஹைபிரிட்,
முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி.
வரி அறுபது வெள்ளி.

பவானந்தன் வேன் கதவை
இழுத்துச் சாத்தினான், மறுபடியும் இழுத்தான்.
அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது.
நான் கையெழுத்துப் போட்டது வெள்ளைக்கு.

தைப்பூசம். தண்ணீர்மலைக்கு
முதல் நடையில் மாமியார், நாத்தனார்,
பெரியவன், பால்குடத்தை மடியில் வைத்த தனலெட்சுமி.
நாங்கள் மூவரும்
செம்பனைத் தோட்ட முனையில் நின்றபடியே
கட்டிவந்த இட்லியைத் தின்று முடித்தோம்.

போக, வர, போக.
இரவில் இதே கணக்கு இன்னொரு தரம்.
பாலத்து டோல் வேறு.
வேன் என்றால் ஒரே நடை.
கிராம்களை விரல்விட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

விடை வருவதற்குள்
முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது வெள்ளை.
வந்ததே கேட்கவில்லை.