மறு கால்

லாரியை விற்றபோது
பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டான்
நிபால்தோ கார்க்கமோ.
வாங்கியவன் விலையில் கொஞ்சம் குறைத்தான்.
குறைக்கட்டும்.

புந்தா அரேனாஸில் டிசம்பர் என்றால்
இரவு பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் நிற்கும்.
ஜூன் என்றால்
மதியம் உண்டது செரிக்கும் முன்பே இருட்டு.
எப்படியிருந்தாலும் அடுப்பருகே அதே முக்காலி,
முழங்கையால் சூடு பார்த்த வெந்நீர்,
விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக
ஒற்றியெடுக்கும் பழைய துண்டு,
பிறகு கண்ணாடி.
சர்க்கரை வந்து பதினோரு ஆண்டுகள்.

உள்ளங்கால் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?
ஆயுள் முழுக்கச் சுமந்தும்
முகம் காட்டாமல் கவிழ்ந்தே கிடப்பதாலா?
பாதி மனிதர்களின் உள்ளமும்
அப்படித்தானே இருக்கிறது.

முதல் ஆண்டு,
சுகாதார நிலையத்துச் செவிலி இவோன்
கண்ணை மூடச் சொன்னாள்.
"நைலான் இழையால் தொடுவேன்,
தெரிந்தால் சொல்லுங்கள்."
"தெரிகிறது" என்றான்.
"நான் இன்னும் தொடவேயில்லை" என்றாள்.

அன்று வீடு திரும்பும்போது
தெருமுனைகளில் கட்டியிருக்கும் கயிற்றை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
ஜலசந்தியிலிருந்து காற்று ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது.
பழந்தமிழில் கால் என்றால் காற்றும்தான்.
இந்த ஊரில்
இரண்டும் ஒன்றையொன்று நம்புவதில்லை.

ஒரு நாள் விடாமல் செய்தான் என்று எழுதினால்
பொய்.
ஏழாம் ஆண்டு குளிரில்
மிர்த்தா பெட்டியோடு வால்திவியாவுக்குப் போய்விட்டாள்.
நாற்பது இரவோ ஐம்பதோ
கண்ணாடி சுவரைப் பார்த்துக் கிடந்தது.
பூட்ஸோடு தூங்கினான்.
கலஃபாத்தே ஜாமை முதலில் கரண்டியால்,
பிறகு விரலால்,
பிறகு பாட்டிலைக் கவிழ்த்து.
ஒரு காலை பூட்ஸைக் கவிழ்த்தபோது
உள்ளிருந்து விழுந்தது ஒரு திருகாணி.
அதன்மேல் எத்தனை நாள் நடந்தான் என்பது
திருகாணிக்குத்தான் தெரியும்.

சபதம் எதுவும் எடுக்கவில்லை.
காலண்டரில் சிவப்பு வட்டம் போடவில்லை.
கண்ணாடியில் படிந்த புகையைச்
சட்டைக் கையால் துடைத்தான், அவ்வளவுதான்.
குதிகாலில் பட்டாணி அளவு புண்.
ஆற நாலு மாதம் ஆனது.

பவுதிலியோவுக்கு ஆறவில்லை.
அதே கம்பெனி, பக்கத்து லாரி.
சாக்ஸை இன்னும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள் என்று
கடைக்காரனைத் திட்டுவான்.
மிச்ச ஒற்றைகளை நிபால்தோவுக்குக் கொடுத்துவிடுவான்.
எல்லாம் வெளிர் நிறம்.
ரத்தம் கசிந்தால் தெரிய வேண்டுமே.

பல் துலக்கியதற்கு
யார் யாருக்கு மாலை போட்டார்கள்?
சில இரவுகளில் அலுப்பாகத்தான் இருக்கிறது.
வானொலியில் கால்பந்து ஓடுகிறது,
மாத்தே ஆறிப்போகிறது,
பார்த்ததையே பார்க்க வேண்டியிருக்கிறது:
வலது பெருவிரலின் கோணல் நகம்,
இடது பாதத்தின் பழைய தழும்பு,
நேற்றும் இருந்தது,
இன்றும் இருக்கிறது,
புதிதாக ஒன்றுமில்லை.
புதிதாக ஒன்றுமில்லை என்பதைப் பார்க்கத்தான்
குனிகிறான்.

கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை
இவோன் தந்தாள்.
அதில் முகச்சவரம் செய்கிறான்.

லாரிக் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு.
ரியோ காயேகோஸ் சாலையில் கல் தெறித்தது.
குதிகாலுக்கு நேரே வரும்போது
வெடிப்புப் போலவே இருக்கும்.
ஒவ்வோர் இரவும் ஒரு நொடி
மூச்சு நிற்கிறது.
கண்ணாடியை இம்மி சாய்க்கிறான்.
கீறலும் கூடவே நகர்கிறது.

கண்ணாடியுடையதுதான்.

பவுதிலியோவின் சாக்ஸை மாட்டுகிறான்.
மறு கால்.