வெறும் போத்தல் இருபத்திரண்டு

வியாழன் எங்களுக்குத் தம்பிலுவில் பக்கம்.
கல்முனை ஸ்டோரில் ஏழு மணிக்கு லொறி ஏற்றினால்
காரைதீவு தாண்டும்வரை
போத்தல்கள் பல்லை நெறுமிக்கொண்டே வரும்.
ஸ்டியரிங்கில் மஃறூப். பில் புத்தகம் என்னிடம்.

பில்லில் அடித்திருக்கிற சொல் மென்பானம்.
பதினொரு வருசமாய்க் கிழித்துக் கொடுக்கிறேன்,
ஒரு தொண்டையும் இதுவரை
தாகத்தில் அதைக் கூப்பிட்டதில்லை.
நிந்தவூரில் சோடா.
அக்கரைப்பற்றில் நோன்பு திறக்கிற நேரமும் சோடா,
அது ஒரேஞ்சோ நெக்டோவோ கறுத்ததோ, எல்லாம் சோடா.
செவ்வாயில் அம்பாறை டவுனுக்குத் திரும்பினால் பீம.
மல்வத்தை தாண்டியதும் என் வாயே கியர் மாற்றிக்கொள்ளும்.
கொழும்பு ஒபிஸில் இதையெல்லாம்
புரடக்ட் என்கிறார்கள்.

கமலவேணி கடை திறந்து மூன்றாம் கிழமை.
தகரக் கூரை, தவணைக்கு எடுத்த பிரிட்ஜ்.
"ரெண்டு கேஸ் கலர் இறக்குங்க."
"என்ன கலர்?"
"கலர்தான்."
"பெயிண்ட் பக்கத்துக் கடையில, அக்கா"
என்று வாசலில் நின்ற பொடியன் ஒருத்தன் சொல்ல
மஃறூப் சிரித்தான். நானும்.
அவ சிரிக்கவில்லை.
ஒரேஞ்சையும் நெக்டோவையும் விரலால் காட்டினா,
வாய் பேசாத ஆள் கடைக்கு வந்த மாதிரி.

வெறும் போத்தல் எண்ணும்போதுதான் சொன்னா,
குனிந்தபடியே, எனக்கில்லை,
கேஸுக்குச் சொல்வதுபோல.

தொண்ணூறில் போகும்போது ஒன்பது வயசாம்.
மண்டபம் முகாமுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை.
அப்பா தந்த காசை உள்ளங்கை வியர்க்கப் பொத்திக்கொண்டு போய்
சோடா கேட்டிருக்கா.
கடைக்காரர் கோலியை அமத்தி நீட்டினதில்
நிறமில்லை, இனிப்பில்லை,
மூக்கில் ஏறுகிற காத்து மட்டும்.
"இதில்ல. சோடா."
"அதுதாம்மா சோடா."
பின்னால் நின்ற புள்ளைகள் எல்லாம் சிரிப்பு.
காசு கொடுத்தாயிற்றே என்று
ஒரு சொட்டு விடாமல் குடித்து,
முகாம் கேற்றடியில் வாந்தி.

"அண்டைக்குப் பழகினது, கலர்.
முப்பது வருசம் பிழையில்லாமச் சொன்னன்.
மறுகா இஞ்ச வந்து..."

பதினெட்டு, பத்தொன்பது.
எண்ணிக்கை குழம்பிவிட்டது.
திரும்ப முதலிலிருந்து எண்ணினோம்.

மகள் இலக்கியா அங்கே பிறந்தவள்.
நான் போத்தல் என்றால் அவள் பாட்டில் என்கிறாள்.
எந்தப் பேரில் எண்ணினாலும் இருபத்திரண்டுதான்,
கேஸுக்கு இரண்டு குறைவு.
பள்ளிக்கூட கன்டீனில் அவள்
வாயைத் திறப்பதேயில்லையாம். காசை வைத்துவிட்டு
கண்ணாடிக்குள் கை காட்டுவாளாம்.
இதையும் கமலவேணிதான் சொன்னா.
மகளுக்கு அது பிடிக்கவில்லை, பில்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மென்பானம்."
எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாள்.
"இது எந்த ஊர்ப் பேச்சு, அங்கிள்?"
யோசித்துப் பார்த்தேன்.
"கம்பனி ஊர்" என்றேன்.
"அங்க போனா நம்ம எல்லாரையும் பாத்துச் சிரிப்பாங்களா?"
அப்போதுதான் கமலவேணி சிரித்தா.
முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

அடுத்த வியாழன் மழை, லொறி வரவில்லை.
அதற்கடுத்த வியாழன்
பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது,
சிவப்புப் பேனையால்:
கலர் உண்டு.
அதன் கீழே வேறு கையெழுத்து, நீலம்,
அந்தப் பொடியனாகத்தான் இருக்கும்:
பெயிண்ட் இல்லை.

கிழிக்கவில்லை அவர்கள்.
நீலத்துக்கு மேலேயும் டேப் ஒட்டியிருந்தார்கள்.

மஃறூப் இறங்கி வந்து வாசித்தான்.
"அக்கா, கூலா ஒரு கலர் தாங்க."
எந்தக் கலர் என்று அவ கேட்கவில்லை,
கைக்கு வந்ததை உடைத்துக் கொடுத்தா.

வெறும் போத்தல் இரண்டு
இன்னும் வரவில்லை.
புத்தகத்தில் என் பேரில்தான் நிற்கிறது.