ஆறு தொட்டி

மார்கழி பிறந்து நாலாம் நாள்
கொடைக்கானல் வண்டியிலிருந்து
ஆறு தொட்டிகள் இறங்கின, அரப்பாளையத்தில்.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு
மலை வளைவு அத்தனையும் சுற்றி வந்தவை.
வத்தலக்குண்டில் எல்லாரும் டீக்கு இறங்க
இவை மட்டும் இறங்கவில்லையாம்.
கண்டக்டர் என் வீட்டுக்காரர்தான்.
ஆனாலும் ஆறுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்திருந்தார்.
"செக்கிங் ஏறினா செடி வந்து சாட்சி சொல்லுமா?"

அனுப்புகிறவள் பிலோமினா.
நாயுடுபுரத்தில் வீடு. பார்த்ததில்லை.
அங்கே இந்த மாதம் ராத்திரியில் புல் வெளுத்துவிடுமாம்,
விடிகாலையில் மிதித்தால் அப்பளம்போல் நொறுங்குமாம்.
வீட்டுக்குள் எடுத்து வைத்தாலும்
ஜன்னலோரத்து இலை
வெந்த கீரையாய்த் தொங்கிவிடுமாம்.
குளிரும் சுடும் என்று
அவள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் குளிர் என்பது
பால்காரர் காதில் ஒரு மஃப்ளர்,
பாட்டிலுக்குள் பாதி உறைந்த தேங்காய் எண்ணெய்.
பத்து மணிக்கு அதுவும் இளகிவிடும்.

"மொட்டைமாடியில வைக்கலாமே" என்றாள் கீழ்வீட்டு சுலைகா.
ஒரே ஒரு நாள் வைத்தேன்.
நாம் சட்டை காயப்போடும் தை வெயில்
அதற்குத் தீமிதி.
அப்புறம் உள்ளேதான்.
நான் சேலைக்கு ஓரம் அடிக்கிற மெஷின் பக்கத்தில்
வடக்கே பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு,
வெளிச்சம் வரும், வெயில் வராது.
ஃபால்ஸ் தைக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில்
ஜிமிக்கிப் பூச்செடி உட்கார்ந்துகொண்டது.
வந்தவர்கள் நின்றார்கள்.

ஒவ்வொரு தொட்டியிலும் கம்பளி நூலில் ஒரு சீட்டு,
பென்சில் எழுத்து.
"இதற்கு வாரம் ஒரு தம்ளர். இலைமேல் ஊற்றாதீர்கள்."
"இது செத்ததுபோல் பாவனை செய்யும். நம்ப வேண்டாம்."
"இதைக் கொஞ்சினால் அழுகிவிடும்."
பிகோனியாவுக்கு மட்டும்
"இது போனால் வேறு கிடைக்காது."
அவ்வளவுதான். ஏன் என்று எழுதவில்லை.

குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை.
குடிக்க, சமைக்க, மிச்சத்தில் செடி.
அந்தச் சீட்டைப் படித்த பயத்தில்
அதற்கு மட்டும் கூடக் கொஞ்சம் ஊற்றினேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது,
குழைந்த சோறுபோல, சத்தமில்லாமல்.

மாசி முடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும்,
பங்குனி வெயில் யாருக்கும் தவணை கொடுக்காது.
தல்லாகுளத்துப் பக்கம்
சாலையோர நர்சரி மூன்றில் ஏறி இறங்கி
அதே சிவப்பு, அதே சுருள் இலை,
நூற்றிருபது ரூபாய்க்கு ஒன்று பிடித்தேன்.
பழைய தொட்டி, பழைய மண்,
பழைய சீட்டையே கட்டினேன்.
டிக்கெட் ஆறு.
இவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து
காலி டிபன் பாக்ஸில் நாலு பேரிக்காயும் ஒரு காகிதமும்:
"ஐந்து பேர் சுகமாக வந்து சேர்ந்தார்கள்.
ஆறாவது யார் வீட்டுப் பெண்ணோ.
இருக்கட்டும்."

பேரிக்காய் இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.
எனக்கு இறங்கவில்லை.
பதில் எழுத உட்கார்ந்து
சேலைக்கு ஓரம் அடித்து எழுந்தேன்,
சித்திரை முழுக்க, ஆடி முழுக்க.

இப்போது மறுபடி மார்கழி.
அரப்பாளையத்தில் வண்டி வந்து நின்றது.
சாக்கை விலக்கினால்
முன்னால் நிற்கிறது அந்தச் சிவப்பு,
நாலு இலை கருகி,
கழுத்தில் புதுச் சீட்டோடு:
"குளிர் இவளுக்கு ஆகவே இல்லை.
ராத்திரியெல்லாம் அடுப்படியில்தான் வைத்திருந்தேன்.
உங்கள் ஊர்க்காரி. சீக்கிரம் உள்ளே கொண்டுபோங்கள்."

தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றினோம்.
இவர் பையிலிருந்து லக்கேஜ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.
எண்ணினேன்.
ஐந்து.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் அடுத்த டிரிப்புக்கு
விசில் ஊதப் போய்விட்டார்.