படிவம் பதினான்கு

சாவெஸ் தாண்டி, எல்லை மலையடியில்
அதெலினோ கட்டிய வீட்டைச் சோதிக்கப் போனேன்.
வெளிச்சுவரெல்லாம் குளியலறை ஓடு:
கத்தரிப்பூ நிறம், மீன் படம் போட்டது, போடாதது.
வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கம்.
ஒன்றுக்கு மாறுகண்.

'ரசனை கெட்ட கட்டடம்' என்று எழுதினேன்.
எழுத அதிக நேரம் ஆகவில்லை.

முப்பது வருஷம் பாரிஸில்
பிறர் குளிக்க ஓடு ஒட்டினாராம்.
மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வைத்தாராம்.
"இந்த மீன் மதாம் வெர்டியே வீட்டு மீன்.
ரசனைக்காரி என்று பேர் அவளுக்கு.
அங்கே உள்ளே இருந்தது,
இங்கே வெளியே. அவ்வளவுதான்."

முட்டைக்கோஸ் சூப் கொடுத்தார்.
உப்புக் கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல் கிண்ணத்தை நகர்த்தினார்.

நாக்குக்கு மட்டும்
யாரும் படிவம் நீட்டுவதில்லை.

காரை எடுக்கும்வரை
அந்தச் சிங்கம்
என்னையும் பார்த்தது,
எனக்குப் பின்னால் மலையையும்.