ஆறாம் பெட்டின் வினைச்சொல்

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செருப்புக்கடை மாடியில்,
மூன்றாம் தடவை தேர்வு எழுதப்போகும் எனக்கு
அபினேஷ் 'ஹேவ்' நடத்துகிறான்.
அவனுக்கு இருபத்துமூன்று. எனக்கு முப்பத்தெட்டு.
பலகையில் எழுதுகிறான்: ஐ ஹேவ் எ கார்.
பெஞ்சடியில் கிடக்கிறது அவன் ஹெல்மெட்.
களியக்காவிளை பஸ்ஸின் ஹாரன்
ஒவ்வொரு உதாரணத்தையும் பாதியில் தின்கிறது.

நம்ம பக்கம் யாரும் எதையும் 'ஹேவ்' பண்ணுவதில்லை.
எனக்கு உண்டு, ஒனக்கு உண்டா, அவளுக்கு இல்ல.
பொருள் தன்பாட்டுக்கு இருக்கும்;
நாம் ஒரு 'கு'வை நீட்டிக்கொண்டு
பக்கத்தில் நிற்போம்.
இங்கிலீஷ்காரன் முதலில் தன்னை எழுதுகிறான்,
பிறகு பிடித்துக்கொள்கிறான்.

வாலில் ஒரு 'டு' ஒட்டினால் போதும்,
வைத்திருப்பது கட்டாயமாகிவிடும்.
ஐ ஹேவ் எ லோன்.
ஐ ஹேவ் டு பே.
இதை மட்டும் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீ குடிப்பதும் ஹேவ்தானாம்.
சிரித்துவிட்டேன்.
உண்டு என்றால் இருக்கிறது,
உண்டு என்றால் தின்று தீர்த்தும்கூட.
இந்த ஓரிடத்தில் ரெண்டு பாஷையும்
ஒரே தட்டில் கைவைத்திருக்கின்றன.
"எக்ஸாமுக்கு வராதுக்கா" என்றான் அபினேஷ்.

வீட்டுப்பாடம் பத்து வாக்கியம்.
குழித்துறை ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி;
ஆறாம் பெட்டில் ஏசுவடியான்.
ஹி ஹேஸ் ஃபீவர்.
ஹி ஹேஸ் டூ சன்ஸ் இன் குவைத்.
காய்ச்சலையும் மகன்களையும்
ஒரே சொல் சுமக்கிறது, முனகாமல்.
எட்டாவது: ஹி ஹேஸ் எ ஒய்ஃப்.
ரெத்தினபாய் வராந்தாவில்
பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தார்.

மூணேகாலுக்குப் பிறகு
ஹேஸையெல்லாம் ஹேட் ஆக்க வேண்டிவந்தது.
ஹி ஹேட் ஃபீவர். சரிதான்.
ஹி ஹேட் எ ஒய்ஃப்.
செத்தது அவர்.
இறந்தகாலத்துக்குள் போனது
வெளியே கண்விழித்து இருக்கிறவள்.

கதவைத் திறந்தேன்.
"ஆளு உண்டா சிஸ்டரே?"

ஹேவுக்குள் இந்த உண்டு இல்லை.
அபினேஷ் தந்த அச்சடித்த தாளில்
பதினோரு பயன்பாடு போட்டிருந்தது,
இல்லை.
என் கை தலைப்பைத் திருகியது.
அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடியும்போது, மூத்தவனுக்கு போன் போய்க்கொண்டிருக்கையில்,
மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்:
"அவியளுக்குப் போட்டது. சூடு உண்டு, குடி."

எட்டாவது வாக்கியத்துக்கு
பச்சை மையில் டிக் போட்டிருந்தான் அபினேஷ்.