பதினேழாவது பெயர்

ஃபிராங்க்பர்ட், சோசன்ஹைம். இரவு இரண்டு நாற்பது.
தரைக்கு அடியிலிருந்து குளிர்காற்று
கால்சட்டைக்குள் ஏறுகிறது.
காதை அடைத்த பிறகும் விசிறிகளின் இரைச்சல்
பல்லில் கேட்கிறது.

ஹானாவ் மருந்துக் கிடங்கிலிருந்து
மூன்றாம் முறை அழைத்துவிட்டார்கள்.
குளிரறையின் வெப்பநிலை
நான்கு நிமிடம் பிந்தித் திரைக்கு வருகிறதாம்.
பிந்தி வரும் எண்ணும் சரியான எண்தான்.
இன்சுலினுக்கு அந்தச் சமாதானம் போதாது.

எல்லாவற்றையும் சந்தேகித்தேன்.
கேபிளை. சுவிட்சை. வாடிக்கையாளரை.
ஃபோல்க்மாரை, கொஞ்சம் கூடுதலாகவே.
பிழைப் பதிவேடு
வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.
பச்சை விளக்குகள் எல்லாம்
நல்ல பிள்ளைகளாகச் சிமிட்டின.

ஒரே ஒரு எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது:
வந்ததில் வேண்டாம் என்று வீசப்பட்டவை.
வீசியது யார்?
கார்டு அல்ல, பிராசஸர்.
வாசலில் முடியவேண்டிய விசாரணை
கூடத்தின் நடுவில் நடக்கிறது,
சமைக்கிறவளைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்து.

அந்தக் கார்டின் சில்லுக்குள் பெயர் எழுதப்
பதினாறு இடம்.
வார்ப்பிலேயே அவ்வளவுதான்,
கெஞ்சினாலும் கூடாது.
ஒன்று தன் பெயருக்கே போய்விட்டது.
மிச்சம் பதினைந்தில்
அதன் மேல் குடியிருக்கும் எந்திரங்களின் முகவரிகள்.
வருகிற ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியையும் பார்த்து,
உனக்கு இங்கே ஆள் இருக்கிறது, வா;
உனக்கு இல்லை, போ.
ஒரு விநாடிக்குப் பத்து லட்சம் முறை,
யாரையும் எழுப்பாமல்.

பதினாறும் பெற்று வாழ்க என்று
என் கல்யாணத்தில் அட்சதை போட்டவர்கள் யாரும்
பதினேழாவது வந்தால் என்னவாகும் என்று
சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்
ஃபோல்க்மார் இன்னொரு எந்திரத்தைக் குடியேற்றியிருக்கிறான்.
பெயர்: புதுச்சோதனை, தற்காலிகம்.
இந்த ஊரில் தற்காலிகம் என்பது
பதினொரு வருடம் தாங்கும்.

நான் பார்த்த வாசல்கள் எல்லாம்
நிரம்பினால் மூடிக்கொள்பவை.
குழந்தைகள் காப்பகத்தின் வரிசையில்
இயலுக்கு முன்னால் இருபத்திரண்டு பேர்.
திருமதி வேனர் மின்னஞ்சலில் எப்போதும் வருந்துகிறார்;
வருத்தத்துக்கு மேலே தேதி மட்டும் மாறுகிறது.

இது வேறு மாதிரி.
ஒரு பெயர் அதிகமானதும்
மறுக்கவில்லை, முனகவில்லை,
பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை.
எழுத இடமில்லாத அந்த ஒருவனைத்
தவறவிட்டுவிடக் கூடாதே என்று
கதவையே கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டது.
பிறகு எல்லாரும் உள்ளே.
வழி தெரியாத சுவிட்ச்
எல்லாத் திசைக்கும் எறிந்தவை,
போன மாதமே அணைத்துவிட்ட அச்சு எந்திரத்தை
இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பவை,
யார் வீட்டுக் கடிதமோ, யார் வீட்டுக் கணக்கோ.

கோபம் வந்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

பக்கத்துக் கார்டில் பன்னிரண்டு இடம் காலி.
பதினேழாவது பெயரை அங்கே மாற்றி எழுதினேன்.
மூன்று ஐம்பத்தெட்டுக்கு
ஓடிக்கொண்டிருந்த எண் நின்றது.
ஹானாவில் நான்கு புள்ளி ஆறு டிகிரி,
அந்த நிமிடத்தின் நான்கு புள்ளி ஆறு.

கிளம்புவதற்கு முன் ஒரு ஆசையில் பார்த்தேன்,
வெள்ளி மாலையிலிருந்து அந்தப் புதியவனுக்கு
எத்தனை பாக்கெட் வந்தது என்று.

ஒன்றுகூட இல்லை.
யாருமே கூப்பிடவில்லை அவனை.