பிடி

நல்ல கையைக் கம்பளி உறைக்குள் பூட்டிவிட்டாள் ஹிமேனா.
"ஆறு மணி நேரம் இதற்கு விடுமுறை."
இனி எல்லாம் வலது கையின் பாடு.

புன்டா அரேனாஸில் ஜூலை.
காற்று ஜன்னலை உலுக்குகிறது.
நான் உலர்ந்த மொச்சையை
ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு மாற்றுகிறேன்.
ஒரே நாளில் நூற்றைம்பது ஆடுகளுக்கு
மயிர் கத்தரித்த கை;
காலையிலிருந்து
பதினொரு மொச்சை.
அதில் இரண்டு மேசைக்கடியில்.

பிடிக்கத் தெரிகிறது அதற்கு.
விடத்தான் தெரியவில்லை.
துண்டு, கதவுக் குமிழ், ஒருமுறை பூனையின் வால்,
எது அகப்பட்டாலும்
கடன் கொடுத்தவன் மாதிரி இறுக்கிக்கொள்கிறது.
"மணிக்கட்டைக் கீழே மடக்குங்கள்,
விரல்கள் தானாக மலரும்" என்பாள்.
மலர்வதாவது!
துருப்பிடித்த கீல் அது.

வியாழக்கிழமை அனீபல் வந்தான்.
வேலித் தகராறில்
ஒன்பது வருஷம் முகம் பாராத தம்பி.
இடது கை உறைக்குள்.
வலது, தோளோடு அசைந்து, முன்னே போனது.
போன பிறகுதான் யோசித்தேன்.

மூடிக்கொண்டது.

மாத்தேக்கு வைத்த கெண்டி அடுப்பில் கூவுகிறது.
நடுக்கூடத்தில் நாங்கள்,
ஒரே வேலிக்கம்பியில் சிக்கிய இரண்டு ஆடுகள்.
"விடு, எலெயுத்தேரியோ."
"முடியலடா. நிஜமாகவே."
அவன் சிரிக்கவில்லை. இழுக்கவும் இல்லை.

மணிக்கட்டு வித்தையை அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.
கெண்டியில் தண்ணீர் வற்றும்வரை
அது எனக்கு ஞாபகம் வரவில்லை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.